3A படத்தின் வலது பாதி

ஒரு புகைப்படத்தின் பாதியை எடுத்து, அதைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, மறுபாதியின் இடத்தில் ஒட்டினால் அதில் கண் வரும். மரப்பட்டையானாலும் துருவானாலும் தார்ச்சாலையில் தேங்கிய மழைநீரானாலும் வரும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் மகிழ்ந்திருப்பீர்கள். நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் நான் செய்த ஒரு தவறால் கிள்ளானில் ஒரு மனிதர் உயிரை விடப் பார்த்தார். அதை எழுதி வைப்பது என் கடமை.

கணினியை எப்படி இயக்குவது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் பயன்படுத்திய கருவிகளில் ஒன்றுகூட இப்போது வேலை செய்யாது. ஒரு படத்தைத் திருப்பிப் போட நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். உங்களுக்கு அது கண் இமைக்கும் நேரம். ஆனால் அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள், எங்கிருந்து பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு இன்றும் அதே அளவு நேரம்தான் பிடிக்கிறது.

நாளும் நேரமும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு 1972 முதல் உண்டு. அந்த ஆண்டுதான் பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறை எடுத்துத் தங்கி, பெட்டாலிங் ஜெயாவில் சுங்கை வே பக்கம் இருந்த ஒரு வண்ணப் பிரிப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வண்ணப் படத்தை அச்சடிப்பதற்காக நான்கு மைகளுக்கான நான்கு பிலிம்களாகப் பிரித்துத் தருவது எங்கள் வேலை. இந்தக் கட்டுரையில் வரும் நேரங்களை எல்லாம் குறிப்பேட்டைப் பார்த்தே எழுதுகிறேன். நினைவை நம்பி எழுதிய இடங்களில் அப்படியே சொல்லிவிடுவேன்.

முதலில் ஒரு சிறிய தவறு. 1976, மார்ச். ஒரு லோரி நிறுவனத்தின் விளம்பரக் கையேடு. நான் பிலிமை மறுபக்கமாக வைத்துவிட்டேன். அச்சாகி வந்த தாளில் ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்தது. இந்த நாட்டில் அப்படி ஒரு லோரியை யாரும் வாங்கமாட்டார்கள். அப்போது எனக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர் தன் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தவர்; ஆகவே எழுதவில்லை. அவர் தவறான தாளையும் திருத்திய தாளையும் மேசையில் அருகருகே போட்டார்.

“யார் செக் பண்ணது?”

“நான்தான் சார். எழுத்தெல்லாம் நேராத்தான் இருக்கான்னு பாத்தேன்.”

“படத்துல எழுத்தே இல்லையே.”

“அதான் சார். தப்பு இல்லைன்னு நெனச்சிட்டேன்.”

“எழுத்து இல்லாத எடத்துல ஒனக்குக் கண்ணு தெரியாதா?”

அவர் போய்விட்டார். நான் அந்த இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு லோரிகளும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டிருந்தன. முட்டிய இடத்தில் லோரியும் இல்லை, சாலையும் இல்லை. செம்பில் அடித்த ஒரு பெரிய கதவுபோல ஏதோ ஒன்று இருந்தது. வெட்கமாக இருந்த அந்த நேரத்திலும் அது அழகாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவர் சொன்னதை மறந்துவிட்டு அழகை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன். அதன் பலனை இருபது ஆண்டுகள் கழித்து அனுபவித்தேன்.

1993இல் நிறுவனத்துக்குக் கணினி வந்தது. முதலாளி நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே திறந்து நானே பூட்டிக்கொள்ள ஒரு சாவி கொடுத்தார். நான் படம் எடுத்துக்கொண்டு வருவேன்: கிள்ளான் ஆற்றோரத்து இரும்புத் தகரம், பாசார் சந்தையில் கொட்டிய காய்ந்த மிளகாய், ரயில் கொட்டகைச் சுவரில் வழிந்த எண்ணெய். அவற்றில் கால்வாசியை வெட்டி, இடமும் வலமும், மேலும் கீழும் திருப்பி ஒட்டுவேன். பிறகு நிறத்தைத் தொடுவேன். துரு நீலமாகும். மிளகாய் கடலடிப் பச்சையாகும். பொருள் போய்விடும், வடிவமும் நிறமும் மட்டும் மிஞ்சும். ஊரில் எனக்கு அரூப ஓவியர் என்று ஒரு சிறிய பெயர்கூட வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

1996, ஜூலை. கிள்ளானில் ஒரு தொண்டு அமைப்பு, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அங்கே வருபவர்கள் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் ஊசியோடு சாய்வு நாற்காலியில் படுத்திருக்க வேண்டும். எதிர்ச்சுவரில் ஆறு பெரிய படங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று இனத்தவரும் வருகிற இடம். சாமி படம் கூடாது, மனிதர் கூடாது, மிருகம் கூடாது. ஒரு வியாபாரி நன்கொடையாகத் தருகிறார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை திறப்பு விழா. அதற்குள் தொங்க வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பொது இடத்தில் மாட்டப்படும் எந்தப் படமானாலும் அதன் மாதிரித் தாளின் பின்புறத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு தமிழர். நாள்காட்டி அச்சடித்துப் பழகிய எவருக்கும் இதன் காரணம் புரியும். பக்க வடிவமைப்பு செய்த ரொஹானா, மிருகத்தின் சாயல் இருக்கிறதா, மஞ்சள் நிறம் சுல்தான்களுக்கே உரிய அரண்மனை மஞ்சளாகிவிட்டதா என்று பார்ப்பார். கணக்கரான திருமதி டான், வெள்ளையும் நீலமும் சாவு வீட்டை நினைவூட்டுகின்றனவா என்று பார்ப்பார். நான் எங்கள் ஆட்களுக்காகப் பார்ப்பேன்.

அந்த ஆறு படங்களுக்கும் மூன்று கையெழுத்தும் விழுந்தன. ஒரே ஒரு திருத்தம். நான்காவது படத்துக்கு நான்கு என்ற எண் வேண்டாம் என்றார் திருமதி டான். சீனர்களுக்கு அது சாவின் எண். அடுக்குமாடிகளில் நான்காம் மாடிக்கு 3A என்று போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படியே எங்கள் நான்காவது படமும் 3A ஆயிற்று. நோயாளிகள் பார்க்கவே போகாத, பின்புறம் ஒட்டும் சீட்டில்கூட நான்கு இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

3A, ஒரு லோரியின் மேல் விரித்துக் கட்டிய கித்தான். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எடுத்தது. நனைந்த கித்தானின் மடிப்புகளை ஊதா கலந்த நீலமாக்கினேன். கயிற்று முடிச்சுகளை ஆரஞ்சு ஆக்கினேன். ஆறடி அகலம், நாலடி உயரம். அவ்வளவு அகலமான தாள் அப்போது எங்களிடம் இல்லை. ஆகவே மூன்றடி அகலத்தில் இரண்டு பாதிகளாக அச்சடித்து, தனித்தனிப் பலகையில் ஒட்டி, மேலே பளபளப்பான ஏடு போர்த்தி, நடுவில் நெருக்கி மாட்டினோம். இரண்டு பாதியும் சேரும் கோடு படத்தின் நடுக்கோட்டிலேயே வந்ததால் இணைப்பு தெரியவில்லை. அதில் எனக்குப் பெருமை.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம்; நிலையத்தில் சிகிச்சை அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு நிலையத்தின் தலைமைத் தாதி மகேஸ்வரி போன் செய்தார்.

“அண்ணே, உங்க படத்தால எனக்கு ஒரு பேஷண்ட் போயிருவாரு போல இருக்கு.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது. முனியாண்டி என்று ஒரு லோரி ஓட்டுநர். திங்கள், புதன், வெள்ளி வருகிறவர். திங்கட்கிழமை வந்து படுத்தார். ஊசி குத்துவதற்கு முன்பே எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். எதிர்ச்சுவரில் ஒருத்தன் உட்கார்ந்து தன்னைப் பார்க்கிறான் என்கிறார். புதன்கிழமையும் வரமாட்டேன் என்று மனைவி மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்.

“வேற நாற்காலி குடுக்கலையா, சிஸ்டர்?”

“குடுக்காம இருப்பேனா? எங்க படுத்தாலும் தலையத் திருப்பினா தெரியுதுங்கிறாரு. பெட்ஷீட் போட்டு மூடினேன். உள்ளதான இருக்கான்னுட்டாரு. போன வெள்ளிக்கெழம மெஷின் போட்டது. அஞ்சு நாளு தண்ணி ஒடம்புல நிக்குது. இன்னிக்கு விட்டா, நாளைக்கு மூச்சு நிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாலும் வரமாட்டேங்கிறாரு. நீங்க வாங்க லா. நீங்க செஞ்சதுதான?”

நிறுவனத்தின் வேனை எடுத்துக்கொண்டு பதினொன்று நாற்பதுக்குக் கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். நேராக 3A முன்னால் போய் நின்றேன். நான் மாட்டியபடியே இருந்தது. நீல இதழ்கள் விரிந்த ஒரு பெரிய பூ என்று சொல்லலாம். எந்த முகமும் இல்லை. பெட்ஷீட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்ற சிஸ்டரும், “எனக்கும் ஒண்ணும் தெரியல” என்றார்.

“அவரு எங்க படுப்பாரு?”

ஏழாம் எண் நாற்காலியைக் காட்டினார். அது காலியாக இருந்தது. அங்கே நின்று பார்த்தேன், பூதான். பிறகு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். நாற்காலியைச் சாய்க்கச் சொன்னேன்.

முகம் இருந்தது.

கூரையில் இருந்த குழல் விளக்குகள் படத்தின் பளபளப்பில் பட்டு, கீழ்ப்பாதியை முழுக்க வெள்ளையாக அடித்துவிட்டிருந்தன. நிற்கிறவருக்கு அந்த ஒளி கண்ணில் படாது. படுத்தவருக்கு மேல்பாதி மட்டுமே மிஞ்சும். பூவின் பாதி போனதும் இரண்டு ஆரஞ்சு முடிச்சுகள் கண்களாயின, கயிறு புருவமாயிற்று, கித்தான் மடிப்புகள் குழி விழுந்த கன்னங்கள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கண்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் கணினித் திரை சிறியது. பெரிய படத்தை ஒரே நேரத்தில் முழுதாகக் காட்டாது. மேல்பாதி மட்டும் திரையில் இருந்தபோது கண்கள் தெரிந்தன. எனக்குப் பிடித்திருந்தது. முழுப்படத்தில் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அன்றைய குறிப்பில் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறேன்.

“தலைகீழாத் திருப்பி மாட்டிருவோமா அண்ணே?” என்றார் சிஸ்டர்.

“மேலயும் கீழயும் ஒண்ணுதான் சிஸ்டர். நாலு பக்கமும் மடிச்ச படத்துக்குத் தலைகீழே கெடையாது.”

“நல்லா செஞ்சீங்க போங்க.”

விளக்கை அணைக்க முடியாது. தாதிகளுக்கு ஊசி குத்த வெளிச்சம் வேண்டும். படத்தைக் கழற்றலாமா என்றால், சனிக்கிழமைத் திறப்பு விழாவுக்கு முன் எதையும் தொடக்கூடாது என்று நிர்வாகக் குழுத் தலைவரின் உத்தரவு. ஒவ்வொரு படத்தின் கீழும் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை இருக்கிறது. முதலில் முனியாண்டியைப் போய்ப் பார்க்கிறேன் என்று முகவரி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். படத்தின் மாதிரித் தாளையும், மூலப் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டேன். அது முகம் அல்ல, கித்தான் என்று காட்டிவிட்டால் போதும் என்று எண்ணினேன். படித்தவர்கள் செய்கிற தவறு இது.

ஒரு மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். மலிவு விலை வீடுகளின் வரிசை. அவர் மனைவி கதவைத் திறந்தார்.

“படுக்க முடியல அண்ணே. ரெண்டு நாளா உக்காந்தே தூங்குறாரு. சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு.”

முனியாண்டிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். முகம் வீங்கி, கால் வீங்கி, நாற்காலியின் விளிம்பில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். நான் யாரென்று சொன்னேன்.

“நீங்கதானா அவனக் கொண்டாந்து வச்சது?”

“ஆமாண்ணே. ஆனா அது ஆளு இல்ல.”

“தெரியும் பாஸ். படம்னு தெரியாதா எனக்கு? நான் பயந்தாங்கொள்ளி இல்ல. கெந்திங் மலை ரோட்டுல பிரேக் இல்லாம லோரி எறக்கினவன்.” நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டார். “அங்க கையக் கட்டிப் போட்ட மாதிரி கெடக்கணும். ஒங்க ரத்தம் வெளிய போயி சுத்திட்டு வருது. எந்திரிக்க முடியாது. அப்ப எதிர்ல ஒருத்தன் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா? கண்ணு இருக்கு, வாயில்ல. எதுக்குடா வந்தேன்னு கேட்டாலும் பதில் சொல்லமாட்டான்.”

என் படங்களைக் கண்காட்சிகளில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். பிடிக்காதவர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். நகர முடியாத ஒருவர் பார்ப்பார் என்று நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

“கழட்டிடுறேண்ணே.”

“கழட்டி எங்க வப்பாங்க? ஸ்டோர்லதான? ஸ்டோர் ரூம் என் தலைக்குப் பின்னால இருக்கு. முன்னால இருந்தாலாவது என்ன பண்றான்னு தெரியும்.”

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “இப்படித்தான் அண்ணே ரெண்டு நாளா.”

மூலப் புகைப்படத்தை நீட்டினேன். பழுப்புக் கித்தான், அழுக்குக் கயிறு. அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் முதல்முறையாக மாறியது.

“இது எவன் கட்டுனது?”

“தெரியாதுண்ணே. ரோட்டுல போன லோரி.”

“முடிச்சப் பாருங்க. பிந்தாங் முக்கு தாண்டுறதுக்குள்ள அவுந்துரும். இவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தது யாரு?”

மாதிரித் தாளை எடுத்து, கீழ்ப்பாதியைப் பின்னால் மடித்து, அருகில் வைத்தேன். இந்தக் கயிறுதான் இந்தக் கண் என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “புரியுது. ஆனா தெரிஞ்சாலும் அவன் பாக்குறான் பாஸ்” என்றார். பிறகு அவராகவே, வீங்கிய உள்ளங்கையை மாதிரித் தாளின் வலது பாதிமேல் வைத்தார். சிறிது நேரம் பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

“கைய வச்சா கயிறு. எடுத்தா அவன்.”

“இன்னொரு தடவ வைங்க.”

“கயிறு. அந்த மடையன் கட்டுன கயிறு.”

இன்னும் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். மாறவில்லை.

“அண்ணே, அந்தப் படம் ரெண்டு பலகை. சோத்துக்கை பக்கத்துப் பலகைய நான் எடுத்துட்டுப் போயிட்டா?”

“ஸ்டோருக்கா?”

“என் வீட்டுக்கு. பிரிக்பீல்ட்ஸுக்கு.”

அவர் யோசித்தார். “வீட்டுல புள்ளைங்க இருக்கா?”

“ரெண்டு.”

“தனிப் பலகைதான. ஒண்ணும் பண்ணாது.” மனைவியைப் பார்த்து, “சட்டைய எடு” என்றார்.

அவர்கள் டாக்சியில் வரட்டும், நான் முன்னால் போய்க் கழற்றி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மணி இரண்டு. நிலையத்துக்குப் போனதும் முதலாளிக்குப் போன் செய்தேன். சொல்லாமல் செய்வது சரியல்ல. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னதை அவர் பேசிய ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

“நடேசன் ஆ, மூணு நாள். சனிக்கிழம விழா முடிஞ்சதும் நானே வந்து எரிச்சுத் தரேன் லா. இப்ப தொடாத.”

“அவருக்கு மூணு நாள் இல்ல பாஸ்.”

“டாக்டர் இருக்காங்கதான? அது நம்ம வேலையா?”

அந்தக் கேள்வி நியாயமானது. நிலையத்தின் வரவேற்பு மேசையில் போனைப் பிடித்துக்கொண்டு நான் உண்மையிலேயே யோசித்தேன். வேலை போகலாம். படம் பாதியாய் நின்றால் நன்கொடை தந்தவர் கோபித்துக்கொள்ளலாம். அடுத்த ஆர்டர் வராமல் போகலாம். மறுபக்கத்தில், அந்தக் கண்களை நான் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். டாக்டரின் வேலை முனியாண்டி நாற்காலியில் படுத்த பிறகு. அவரைப் படுக்கவிடாமல் செய்தது என் வேலை.

“படம் என்னோடது பாஸ். நான் கழட்டுறேன்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

சிஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். எட்டுத் திருகாணிகள். இரண்டு ஐம்பதுக்கு வலது பலகை கீழே இறங்கியது. அதை எங்கள் வேனில் ஏற்றி, முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். திரும்பி வந்து ஏழாம் எண் நாற்காலியில் இன்னொரு முறை படுத்துப் பார்த்தேன். ஒரு முடிச்சு, ஒரு வளைந்த கயிறு, நீல மடிப்புகள், பிறகு திடீரென்று வெள்ளைச் சுவர். எழுந்து சிஸ்டரையும் படுத்துப் பார்க்கச் சொன்னேன். சீருடையோடு படுக்க அவர் கூச்சப்பட்டார், ஆனாலும் படுத்தார்.

“கயிறுதான்” என்றார்.

இந்த இடத்தில், வரிசையை மாற்றி, பிறகு நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அலுவலகத்தில் ரொஹானாவிடம் கேட்டேன். அவர் மலாயில் சொன்னதன் பொருள்: “முகம் கொஞ்சம் தெரிஞ்சது, அண்ணே. நீங்க வேணும்னே வச்சீங்கன்னு நெனச்சேன். மிருகம் இல்லையே, அதனால கையெழுத்துப் போட்டேன்.” மூன்று பேரும் மூன்று சமூகங்களின் சார்பாகப் பார்த்தோம். மற்றவர் எதற்குக் கோபிப்பார் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு பார்த்தோம். எண் நான்குகூட எங்கள் கண்ணிலிருந்து தப்பவில்லை. பட்டியலில் இல்லாததை மூவரில் இருவர் பார்த்தும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் இருந்தவரை, பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ‘உனக்கு என்ன தெரிகிறது’ என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதி வாங்கினோம். படத்தைப் பார்ப்பவர் படுத்திருப்பார் என்றால் நாங்களும் தரையில் படுத்துப் பார்த்தோம். சிரித்தவர்கள் உண்டு.

சனிக்கிழமை விழாவில் நிர்வாகக் குழுத் தலைவர் அந்தப் பாதிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். “இப்பல்லாம் இப்படித்தான் செய்றாங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். அது பொய். முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாவியை மட்டும் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டேன். நான்கு மாதங்கள் கழித்து, ஒன்றும் சொல்லாமல் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இனி புதன்கிழமைக்குத் திரும்புகிறேன்.

மூன்று இருபதுக்கு டாக்சி வந்தது. முனியாண்டி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வாசலில் நின்றார். அங்கிருந்தே சுவரைப் பார்த்தார். சிஸ்டர் எடை பார்க்கும் கருவியைக் காட்டி, “வாங்கண்ணே, ஏறுங்க. எத்தன கிலோ தண்ணி வச்சிருக்கீங்கன்னு பாப்போம்” என்றார். ஏறினார். சிஸ்டரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் எண்ணைக் கேட்கவில்லை.

படுத்தார். நாற்காலியை முழுக்கச் சாய்க்க விடவில்லை; மூச்சு முட்டியது. தலையை மெதுவாகத் திருப்பி எதிர்ச்சுவரைப் பார்த்தார். அறையில் இயந்திரங்களின் சத்தம் மட்டும் இருந்தது.

“மடையன்” என்றார். “என்னா கட்டு கட்டிருக்கான் பாருங்க.”

சிஸ்டர் ஊசியைக் குத்தினார். மணி மூன்று ஐம்பது.

நான் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசினார்: கித்தான் கட்டினால் முதலில் எந்த மூலையைக் கட்டவேண்டும், மழை வந்தால் எங்கே தண்ணீர் தேங்கும், எந்த முடிச்சு அவிழாது. நான்கு முப்பத்தைந்துக்குப் பேச்சு நின்றது. பார்த்தேன், கண் மூடியிருந்தார். பயந்துபோய்ச் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் இயந்திரத்தைப் பார்த்து, அவரைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். தூக்கம். அவர் மனைவியும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஆறு நாற்பதுக்கு விழித்தார். மூச்சு சீராகியிருந்தது. முதலில் சுவரைத்தான் பார்த்தார். இடது பக்கத்துக் கயிற்றை அல்ல; பலகை இருந்த இடத்தில், திருகாணித் துளைகளோடு வெறுமையாக இருந்த வெள்ளையை.

“அந்த எடம் நல்லாருக்கு பாஸ். அங்க ஒண்ணும் வைக்காதீங்க.”

வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பதினொன்றுக்கு நிலையத்துக்குப் போன் செய்தேன். யாரென்று சிஸ்டர் கேட்கவில்லை. “வந்துட்டாரு. படுத்துட்டாரு” என்று சொல்லிவிட்டு வைத்தார். குறிப்பேட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்கு அந்த இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை.